நீலப் பாப்பிக்கு நிழல்

சிக்கிமுக்குச் சுற்றுலா போனபோது, மலை உச்சியில் நீல நிறத்தில் பாப்பி பூத்திருக்கிறது என்றார்கள். நம் கசகசாச் செடிக்குச் சொந்தம்தான். எனக்கு மூச்சிரைப்பு. பாதி வழியில் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் மட்டும் ஏறினார். இறங்கி வந்தவர், செல்போனில் எடுத்த படத்தைக் காட்டிவிட்டு, "நெறம் இது இல்ல. நீ பாத்திருக்கணும்" என்றார். தாம்பரம் வந்து சேரும் வரை அதையேதான் சொன்னார்.

பிறகு ஒருநாள், "வீட்லயே வளர்த்துக் காட்டறேன்" என்று கிளம்பினார். சித்திரையில் துளசியே கருகும் ஊரில்! ஆசை யாரை விட்டது? மலைப்பக்க நர்சரி ஒன்றிலிருந்து விதை வரவழைத்து ஃப்ரிட்ஜில் வைத்தார். நான் குருமாவுக்கு அரைத்துவிடுவேனோ என்ற பயத்தில் டப்பாவின் மேல் 'கசகசா இல்லை' என்று எழுதி ஒட்டினார். போர் தண்ணீர் உப்பு என்பதால் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்தார். கொல்லையில் பலா மரத்தடியில் வெயிலே எட்டாத மூலை ஒன்று உண்டு. மார்கழிக் குளிரில் அங்கே தொட்டி வைத்து விதைத்தார்.

பொங்கல் கழிந்து ஒரு காலை, "ஏய், இங்க வா!" என்று அலறினார். பாம்பு என்று நினைத்துக் கம்போடு ஓடினேன். ஒரே ஒரு முளை. சில நாளில் அடுத்த இலை விட்டது. குனிந்து பார்த்தேன். இலை முழுக்கப் பொன்னிற ரோமம். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எந்த ஊருக்கு வந்திருக்கிறோம் என்று தெரியாமல், பனி பெய்யும் என்று நம்பி, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டே பிறந்திருக்கிறது. தூசி அளவு விதைக்குள் ஒரு மலையே இருந்திருக்கிறது. "ஆண்டவரே" என்றேன்.

மாசியில் வெயில் ஏறியது. ஈரச் சாக்கு கட்டினார், தொட்டியைச் சுற்றி ஐஸ் கட்டி வைத்தார். வெயிலிடம் நம் பாச்சா பலிக்குமா? ஒருநாள் காலையில் செடி சாய்ந்து கிடந்தது.

அவர் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "உனக்குக் காட்டவே முடியலயே" என்றார். இத்தனை நாளும் பூப் பைத்தியம் என்று கேலி செய்துகொண்டிருந்தேன். அந்த நீலத்தைத் தான் மட்டும் பார்த்துவிட்டதுதான் இந்த மனிதருக்குத் தாங்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. செடியைப் பார்த்து வியந்ததைவிட அவரைப் பார்த்து அதிகமாக வியந்தேன்.

"சிக்கிமுக்கு டிக்கெட் போடுங்க. உக்காந்து உக்காந்து ஏறிடறேன்" என்றேன்.

"மூச்சு வாங்குமே?"

"வாங்கட்டும்."