முகத்துவாரக் கடலில் நின்றுபோன மோட்டர்

அண்ணனின் அஸ்தியைக் கரைக்கத்தான் போன மார்ச்சில் இந்தப் பயணம். எங்கள் வெள்ளவத்தை வீட்டை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விற்றவர். அதன் பிறகு பதினான்கு வருடம் நாங்கள் பேசவில்லை. அவர் பிள்ளைகள் கனடாவில். "நீங்கள்தான் செய்யவேணும்" என்று அண்ணி போனில் அழுதார். எனக்கு மறுக்கத் தெரியவில்லை.

வெள்ளவத்தையில் காலை 5.20க்கு ஆட்டோ எடுத்தேன். கொட்டாஞ்சேனை தாண்டி முகத்துவாரம் வரை ஏறத்தாழ பன்னிரண்டு கிலோமீட்டர், 1,400 ரூபாய். படகுக்கு எண்ணெயுடன் 9,000. படகுக்காரர் அன்ரன், கொட்டாஞ்சேனைக்காரர். கழுத்தில் அந்தோனியார் படம், வாயில் ஓயாத கதை.

அஸ்திப் பானையின் வாயில் கட்டிய துணியை அவிழ்த்து, தண்ணீருக்குள் சரித்துப் பிடித்து, பிறகு விடச் சொல்லியிருந்தார் ஐயர். விட்டபின் திரும்பிப் பார்க்கக் கூடாதாம். கடலுக்குள் போய் 6.30க்கு அன்ரன் மோட்டரை நிறுத்தினார். நான் துணியை அவிழ்க்கவில்லை. பானையை அப்படியே தோளுக்கு மேலால் பின்னால் எறிந்துவிட்டு, மோட்டருக்குப் பக்கத்தில், கரையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். திரும்பிப் பார்க்காமல் இருப்பது மட்டும் எனக்கு வசதியான சம்பிரதாயம்.

படகின் நடுவில் இருந்த சாவியை அன்ரன் திருப்பினார். ஒன்றுமில்லை. 'டிக்' என்றுகூட இல்லை.

"பற்றரி செத்திட்டுதா?" என்றேன்.

"நேத்துத்தான் சார்ஜ் போட்டனான், சேர்." விளக்கைப் போட்டுக் காட்டினார், பளிச்சென்று எரிந்தது. வயர் முனைகளைக் கத்தியால் சுரண்டினார். பியூஸ் நன்றாக இருந்தது. அவசரத்துக்கு நிறுத்தும் சிவப்புக் கிளிப்பும் அதன் இடத்தில்தான் இருந்தது.

"இழுத்து ஸ்டார்ட் பண்ணிற கயிறு?"

"கரையில, சேர். ஏசாதீங்க."

"கயிறைக் கரையில வச்சிட்டுக் கடலுக்கு என்னத்துக்கு வந்தீர்?"

காற்றில்லை. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. ஆனாலும் படகு துறைமுகத்தின் அலைதடுப்புப் பாறைகளை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. இருநூறு மீட்டர் இருக்கும், பிறகு நூறு. நங்கூரம் அடியைத் தொடவில்லை. ஒரேயொரு துடுப்பு. அன்ரன் வலித்தும் படகு கேட்கவில்லை.

அப்போதுதான் என் முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம். டொக். கொஞ்சம் விட்டு, டொக். யாரோ வாசற்கதவைப் பொறுமையாகத் தட்டுவதுபோல.

அன்ரனின் கதை நின்றுவிட்டது. எனக்குப் பின்னால் பார்த்துச் சிலுவை போட்டார். "சேர், உங்கட ஆள் இன்னும் போகல்ல."

ஒரே நீரோட்டம் படகையும் பானையையும் சேர்த்துத்தான் கொண்டுபோகும். படித்தவனுக்கு அது தெரியும். தெரிந்தும் கரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாறையில் தண்ணீர் உறிஞ்சும் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. டொக்.

திரும்பினேன்.

பானை படகோடு ஒட்டி நின்றது. துணிக்கட்டு என் பக்கம் பார்த்திருந்தது. அதற்கும் எனக்கும் நடுவே மோட்டரின் கியர் லீவர். என் தோள்பையின் பட்டி அதில் மாட்டி, நியூட்ரலிலிருந்து ஒரு விரற்கடை முன்னால் இழுத்திருந்தது. கியரில் இருந்தால் இந்த மோட்டர்கள் ஸ்டார்ட் ஆகாது. எறிந்துவிட்டு உட்கார்ந்தபோது நான் செய்த வேலை.

பட்டியைக் கழற்றி லீவரைப் பின்னால் தள்ளினேன். 'கிளிக்.'

"இப்ப திருப்பட்டா, சேர்?"

"பொறும்."

பாறைக்கு நாற்பது மீட்டர்கூட இல்லை. கையை நீட்டிப் பானையைப் பிடித்தேன். முடிச்சு நனைந்து இறுகியிருந்தது. பல்லால் இழுத்து அவிழ்த்தேன். சரித்தபோது குமிழிகள் வந்தன, நீண்ட நேரம். "அண்ணா" என்றேன். பானை கனத்து, கையை விட்டுப் போனது.

முதல் திருப்பிலேயே மோட்டர் பிடித்தது.

போகிறவர்களுக்கு: மார்ச் காலை நல்லது, ஏழரைக்குள் திரும்பிவிடலாம். சாவி திருப்பியும் சத்தமில்லையா, பற்றரியைக் குடைய முன் கியரைப் பாருங்கள். லீவர் பார்வைக்கு நடுவில் நிற்பது போதாது, கையால் ஆட்டிப் பாருங்கள். கயிற்றைப் படகில் ஏற்றிய பிறகே காசைக் கொடுங்கள். பானையை எறியாதீர்கள். உள்ளே காற்று இருக்கும்வரை அது உங்களோடுதான் வரும்.