விரித்த கை

வாசல் கேட்டுக்கு வெள்ளிக் கலர் அடித்திருக்கிறோம். பெயிண்ட் அடிக்க வந்தவர் எந்தக் கலர் என்று முதலில் என் மகளிடம்தான் கேட்டார். அதைக் கடைசியில் சொல்கிறேன். காய்வதற்குள் தொட்டுப் பார்க்கிற புத்தி எனக்கு. உள்ளங்கை பூராவும் வெள்ளியாகிவிட்டது. கை தானாகத் தேங்காய் நாரைத் தேடியது. இந்த வீட்டில் நார் வைத்துப் பல வருஷமாகிறது.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் இருக்கும். அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தேன். உள்ளங்கையில் வெள்ளி வெள்ளியாக அலுமினியத் தூள் அப்பி ரேகையே தெரியாது. ஜோசியக்காரன் எங்கள் கையைப் பார்த்தால் காசு கேட்காமல் ஓடிவிடுவான். சாயந்தரம் வேனை விட்டு இறங்கியதும் நாரும் சோப்பும் போட்டுத் தேய்த்த பிறகுதான் பிள்ளையைத் தொடுவேன். அதில் மட்டும் சுத்தக்காரி.

தேய்த்தும் போகாமல் வீட்டுக்குள் வந்தது ஒரு பேச்சு. "நம்ம கையில என்ன இருக்கு?" மழை பெய்தால் வேலை கிடையாது. ஆர்டர் நின்றால் கிடையாது. பக்கத்துக் கம்பெனியில் வெடித்துச் சத்தம் கேட்டால், யார் வீட்டு ஆளோ என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். அந்த இடத்தில் அது பொய்ப் பேச்சு இல்லை. ஆனால் நான் சோறு குழைந்தாலும் அதையே சொன்னேன், இரண்டு கையையும் விரித்து. என் வீட்டுக்காரரும் சளைத்தவர் இல்லை.

மகள் ராணிக்கு அப்போது மூன்று வயது. பேச்சு வரவில்லை. "பால் வேணுமா?" என்றால் இரண்டு கையையும் விரிப்பாள். "அப்பா எங்க?" என்றாலும் விரிப்பாள். "ஆத்தாளை அப்படியே உரிச்சு வச்சிருக்கு" என்று தெருவே சிரித்தது. எனக்குப் பெருமை வேறு. கையிலிருந்து பொம்மையைப் பிடுங்கினாலும் அழ மாட்டாள்; கையை விரித்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள். தங்கமான பிள்ளை, தொந்தரவே இல்லை என்று சொல்லித் திரிந்தேன்.

பக்கத்து வீட்டுப் பேச்சியும் அதே கம்பெனிதான். அவள் வீட்டுக்காரர் குடிகாரர், என்னைவிடக் கஷ்டக்காரி. அவளுக்கும் ராணி வயதில் ஒரு மகள். காலையில் வேன் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கும், மகள் தானே செருப்பு மாட்டுகிறவரை பேச்சி அசையாமல் நிற்பாள். "அந்தக் கால் செருப்பு இந்தக் காலுக்கு ஏறுமா? நீயே பாரு தாயி."

"ஏட்டி பேச்சி, மகளைக் கலெக்டராக்கப் போறியாக்கும்?"

"முதல்ல செருப்பு மாட்டட்டும் மதினி."

இரண்டு பிள்ளைகளுக்கும் காதில் சீழ் வடிந்தது. அங்கன்வாடி டீச்சர் எங்களைக் கூப்பிட்டு, விருதுநகர் பெரியாஸ்பத்திரியில் காட்டச் சொன்னார். தீபாவளிக்கு ஒரு மாசம்கூட இல்லை. "சீசன் டீச்சர். லீவு கேட்டா நிப்பாட்டிருவாக. நம்ம கையில என்ன இருக்கு?" என்று விரித்தேன். இடுப்பிலிருந்த ராணியும் கூடவே விரித்தாள். டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலையில் பேச்சி போர்மேன் முன்னால் போய் நின்றாள்.

"சீசன்ல லீவா? கொழுப்பெடுத்து அலையுதீகளா?"

"பிள்ளைக்குக் காது வடியுதுய்யா."

அவர் கத்தினார். அவள் போகவில்லை. இன்னும் கத்தினார். நின்ற இடத்திலேயே நின்றாள். "போய்த் தொலை, ஒரு நாளுதான்" என்றார் கடைசியில்.

அடுத்த நாள் சாயந்தரம் சொட்டு மருந்தோடு வந்தாள். "ராணியையும் காட்டிட்டு வந்துருங்க மதினி."

"எனக்கெல்லாம் அவரு லீவு தர மாட்டாருடி."

"நீங்க கேட்டீகளா?"

கையை விரித்தேன். அவள் கேட்டதற்கு அது பதிலே இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அந்தத் தீபாவளி போயிற்று, அடுத்த இரண்டும் போயின. ஆஸ்பத்திரியில் காட்டியே ஆகணும் என்று பள்ளிக்கூடத்தில் விரட்டிய பிறகு ஆறு வயதில் கூட்டிப் போனேன். "ஒரு காது போயிருச்சும்மா. இன்னொண்ணுக்கு மிஷின் வைக்கலாம். ஆனா பேச்சுப் பழகுற வயசுல வந்திருக்கணும்" என்று டாக்டர் இரண்டு கையையும் விரித்தார். எதிரில் நிற்கிறவருக்கு அது எப்படி இருக்கும் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

மிஷின் வைத்ததும் சத்தம் வந்தது. மெல்லப் பேச்சும் வந்தது. "எனக்கு இது வேணும், இது வேண்டாம்" என்கிற சொல் மட்டும் அவளுக்கு வரவில்லை. பேச்சி மகளுக்குக் காது ஆறிவிட்டது. அவள் வாய்க்குத் தெருவே பயந்தது.

இப்போது அந்தக் கம்பெனி இல்லை. ஷெட்டுக்குள் சீமைக்கருவேலம் முளைத்துக் கிடக்கிறது. வேன் வருவதில்லை. பேச்சி திருப்பூர் போய்விட்டாள். கத்திய போர்மேன் செத்தே போனார். அவரிடம் ஒரு நாள் லீவு கேட்டுப் பார்க்க இனி வழியில்லை.

ராணி சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் லேபிள் அடுக்குகிறாள். எங்கே உட்காரச் சொன்னாலும் உட்காருவாள். அன்றைக்குப் பெயிண்ட்காரர், "பாப்பா, கேட்டுக்கு என்ன கலர் அடிக்கலாம்? நீதான சொல்லணும்" என்றார். மிஷின் காதில்தான் இருந்தது. நன்றாகவே கேட்டது.

இரண்டு கையையும் விரித்தாள். சுத்தமான கை. ஒரு பொட்டு வெள்ளி இல்லை.