பித்தளை முனை

எங்கள் டூல்ரூம் சூப்பர்வைசருக்குச் சட்டைப்பையில் வெர்னியர் இல்லாவிட்டால் மூச்சே வராது. எதையும் அளப்பார், குறை சொல்வார், மாற்றுவார். பெங்களூரிலிருந்து விளக்கு, வடிகட்டி எல்லாம் சேர்ந்த சின்னக் கடல்நீர்த் தொட்டியொன்றை, பவளமும் இறாலுமாக மூக்கண்டப்பள்ளி வீட்டுக்கு வாங்கி வந்தார். மறுநாளே அதன் பிளாஸ்டிக் குழாய்முனையைக் கழற்றிவிட்டு, லேத்தில் தானே கடைந்த பித்தளை முனையை மாட்டினார்.

"சார், உப்புத்தண்ணியில பித்தளை கரைஞ்சா எறா பொழைக்காது" என்றேன்.

"மீன் கடைக்காரனாட்டம் பேசாதய்யா. ஒரு மைக்ரான் பிசகாது."

நான்கே நாளில் பவளம் வெளுத்தது, இறால்கள் மல்லாந்தன. போய்ப் பார்த்தேன். செத்தவற்றை ஒதுக்கிவிட்டு முனையைக் கழற்றினார், துடைத்தார், வெர்னியரில் வைத்தார். முகம் மலர்ந்தது.

"பாத்தியா, அளவு கரெக்ட்டு. எறாதான் ரிஜெக்ட்டு."

ஆறு வருடம் என் வேலையில் குறை கண்டுபிடித்தவர் இவர்தான்.