அத்தை ஜன்னலைச் சாத்திய நாள்

எங்கள் ஊர்ப் பேரூராட்சிக் கூட்டம் அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் முடிந்துவிடும். எழுத்தர் தீர்மானங்களை மூச்சுவிடாமல் வாசிப்பார், தலைவர் மேசையைத் தட்டுவார், எல்லோரும் சேர்ந்து 'ஆல் பாஸ்' என்பார்கள். அந்தச் சத்தம் மாடிப்படியில் காத்திருக்கும் டீக்கடைக்காரருக்கு அடையாளம். ஒரு கையில் போண்டாத் தட்டும் மறு கையில் டீத் தூக்குமாக அவர் உள்ளே நுழைவார். சாக்கடை, தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், ஏலத்துக்குப் போகும் ரோட்டோரப் புளியமரங்கள் என்று ஊரின் தலையெழுத்தெல்லாம் போண்டா ஆறுவதற்குள் எழுதப்பட்டது.

அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, அந்தச் சபையில் உறுப்பினர். எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது மாமா தன் பெயரை எழுத வைத்திருந்த சுவரிலெல்லாம் அத்தையின் பெயரை எழுத வைத்தார். வீடு வீடாகப் போய்க் கும்பிட்டார். ஜெயித்தது அவர்தான் என்று அவரும் நினைத்தார், ஊரும் நினைத்தது. கடைத்தெருவில் யாராவது 'கவுன்சிலரே' என்று கூப்பிட்டால் மாமா திரும்புவார். அத்தைக்குக் கிடைத்த பட்டம் கவுன்சிலர் சம்சாரம்.

இப்படி இன்னும் சில கவுன்சிலர் சம்சாரங்கள் சபையில் இருந்தார்கள். கூட்டம் நடக்கும்போது அவர்களுடைய கணவன்மார் வெளியே வராந்தாவில், ஜன்னலை ஒட்டி வரிசையாக நிற்பார்கள். சபைக்குள் அவர்கள் வரக்கூடாது என்று விதி சொன்னது. ஜன்னலைப் பற்றி விதி எதுவும் சொல்லவில்லை. எப்போதாவது கை தூக்கச் சொல்லும் விவகாரம் வந்தால் உள்ளே இருக்கும் பெண்கள் ஜன்னலைப் பார்ப்பார்கள். துண்டை உதறித் தோளில் போட்டால் கை தூக்க வேண்டும். துண்டு அசையாவிட்டால் கையும் அசையாது.

அந்த ஆடியில் விவகாரம் வந்தது. பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தைமேட்டில் வணிக வளாகம் கட்டலாம் என்று தலைவர் முடிவு செய்திருந்தார். ஊருக்கு அரசு நிதி வந்திருந்தது. திங்கள்தோறும் சந்தை கூடும் மேடு அது. தீர்த்தமலை அடிவாரத்திலிருந்து புளி வரும், வத்தல்மலையிலிருந்து சாமை வரும், எங்கள் தோட்டத்திலிருந்து அம்மா தக்காளியும் பச்சைமிளகாயும் கொண்டுபோவாள். சாக்கை விரித்து உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை வெயில்தான் கூரை. மேட்டுக்குப் பின்னால் ஒரு வேலிக்காத்தான் புதர் இருந்தது. ஆண்களுக்கு ஊர் முழுக்க மறைவு. பெண்களுக்கு அந்தப் புதர் மட்டும்தான். வளாகம் வந்தால் அதுவும் இல்லை.

அந்த நிதியில், சந்தையில் விற்கிற பெண்களுக்கு ஒரு கூரையும் ஒரு கழிப்பறையும் கட்ட வேண்டும் என்பது அத்தையின் ஆசை. மாமாவிடம் சொல்லிப் பார்த்தாள். அவர் சிரித்துவிட்டு, "சபையில பேசற விஷயமா இது?" என்று மொபெட்டைத் துடைக்கப் போய்விட்டார். அத்தை அதற்குப் பிறகு அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.

கூட்டம் நடந்தது ஒரு சந்தை நாளில். எனக்கு அப்போதுதான் காய்ச்சல் விட்டிருந்தது, அதனால் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. அம்மா என்னை அத்தையின் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டு, எண்ணெய்ப் பலகாரம் கண்ணில் காட்டாதே என்று எச்சரித்துவிட்டுச் சந்தைக்குப் போனாள். நானோ போண்டாவுக்காகத்தான் கிளம்பியிருந்தேன்.

காற்று என்றால் அப்படியொரு காற்று. பேருந்து நிலையத்துப் புழுதியை அள்ளிக்கொண்டு மாடியேறி வந்து, சபையின் காகிதங்களைப் புரட்டி, தலைவரின் வெள்ளைச் சட்டையில் செம்மண் பூசி, சுவரில் மாட்டியிருந்த தலைவர்களையெல்லாம் ஆட்டிப் பார்த்தது. எழுத்தர் ஒவ்வொரு தாளையும் உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு வாசித்தார். சந்தைமேடு என்ற சொல் வந்ததும் அத்தை எழுந்தாள். நேராக ஜன்னலுக்குப் போனாள். வெளியே மாமா துண்டோடு தயாராக நின்றார்.

"தூசிங்க," என்று அத்தை கதவுகளை இழுத்துச் சாத்தினாள். கொக்கியும் போட்டாள். அடுத்த ஜன்னல், அதற்கடுத்தது. பிறகு என் பக்கத்தில் வந்து நின்றாள். காற்று நின்றது. காகிதங்கள் அடங்கின. சபை திடீரென்று ஒரு வீட்டின் உள்ளறை மாதிரி ஆகிவிட்டது. இத்தனை பெண்கள் இங்கே இருக்கிறார்கள் என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது.

தலைவர் மேசையைத் தட்டக் கையை ஓங்கினார்.

"பாஸ் இல்லீங்க," என்றாள் அத்தை.

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. எழுத்தர் பேனாவை எடுத்தார், வைத்தார். இதற்கு என்ன எழுதுவது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

தலைவர் நல்ல மனிதர்தான். கோபப்படாமல், குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "நீ உக்காரும்மா. நான் உங்க வூட்டுக்காரர்கிட்ட பேசிக்கிறேன்."

"அவரு எந்த வார்டுங்க?"

யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அந்தப் பணத்துல சந்தையில விக்கற பொம்பளைங்களுக்கு ஒரு கூரையும் ஒரு கக்கூசும் கட்டுங்க," என்றாள் அத்தை.

"கடை கட்டுனா மாசா மாசம் வாடகை வரும். கக்கூசு கட்டுனா என்னம்மா வரும்?"

"பொம்பளைங்க வருவாங்க."

வெளியே ஜன்னலைத் தட்டும் சத்தம் கேட்டது. மாமாதான். அத்தை அந்தப் பக்கம் திரும்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள், வலித்தது.

"இவங்கம்மா, எங்க அண்ணி, இப்ப கீழ சந்தையிலதான் உக்காந்திருக்காங்க. காலையில வூட்டுலயிருந்து கெளம்பனா, வூடு திரும்பற வரைக்கும் ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டாங்க. குடிச்சா பட்டப்பகல்ல அந்தப் பொதருக்கு எப்படிப் போறது? போன வருசம் வெயிலுக்கு மயங்கி வுழுந்தாங்க. சுங்கம் மட்டும் வாரந் தவறாம கேட்டு வாங்கறோமில்லீங்களா?"

நான் அத்தையை நிமிர்ந்து பார்த்தேன். அம்மா திங்கட்கிழமை சிவனுக்கு விரதம் இருக்கிறாள் என்றுதான் அதுவரைக்கும் எண்ணியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டதும் உண்டு.

"இதெல்லாம் சபையில பேசலாமாம்மா?" என்றார் தலைவர். அவர் முகம் சிவந்திருந்தது.

"போறதுக்குத்தான் எடமில்ல. பேசறதுக்காவது ஒரு எடம் வேணுமில்லீங்களா?"

கடைசி வரிசையிலிருந்து வளையல்கடை பாய் எழுந்தார். அவரும் உறுப்பினர், அதிகம் பேசாதவர். "தலைவரே, சந்தையன்னிக்கு எங்கடைக்குக் கூட்டமா வராங்களே, வளையலுக்கா வராங்க? பின்னால இருக்கற எங்க வூட்டுக் கக்கூசுக்குப் போறதுக்குத்தான் வராங்க. வெக்கத்துக்கு ரெண்டு வளையல் வாங்கிக்கிறாங்க. கக்கூசு வந்தா என் யாவாரம்தான் மொதல்ல படுக்கும். இருந்தாலும் எழுதிக்குங்க," என்று கையைத் தூக்கினார்.

அத்தை தூக்கினாள். சிரித்த பெண் தூக்கினாள். மற்றப் பெண்கள் பழக்கத்தில் ஜன்னலைப் பார்த்தார்கள். அங்கே மரக்கதவும் கொக்கியும் மட்டும் இருந்தன. ஒரு கை மடியிலிருந்து எழுந்து, பாதியில் தயங்கி, பிறகு மேலே போனது. அதைப் பார்த்து இன்னொன்று. வளையல்கள் முழங்கை நோக்கிச் சரிந்த அந்தச் சலசலப்பை நான் இன்றைக்கும் எந்த மேளத்துக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். எண்ணிக்கொண்டே வந்த எழுத்தர் என்னிடம் நின்று, "பாப்பா, நீ கைய எறக்கு," என்றார்.

என் கை இல்லாமலே தீர்மானம் தேறியது. கூரையும் கழிப்பறையும் சந்தைமேட்டுக்கு, வளாகத்துக்கு வேறு இடம் பார்ப்பது. எழுத்தர் அதை வாசித்து முடித்ததும் சபை அப்படியே உட்கார்ந்திருந்தது. கை தூக்கி ஜெயித்தால் என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. போண்டா வருகிற வழியாகவும் தெரியவில்லை. பசி தாங்காமல் நான் எழுந்து அடித்தொண்டையில் கத்தினேன்: "ஆல் பாஸ்!"

கதவு திறந்தது. ஆறிப்போன போண்டாவோடு டீக்கடைக்காரர் வந்தார். தலைவரே சிரித்துவிட்டார்.

மாமா அத்தைக்கு முன்னால் படியிறங்கினார். அதற்குள் கீழே சந்தைக்குச் செய்தி போயிருந்தது. கூடைகளுக்கு நடுவிலிருந்து ஒருத்தி, "கவுன்சிலரே!" என்று கூவினாள். மாமா திரும்பினார். பிறகு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அத்தையிடம் சொன்னார்: "உன்னயத்தான் கூப்புடறாங்க, போ."

அடுத்த கோடைக்குள் கட்டி முடித்தார்கள். திறப்பு நாளில் ரிப்பன் வெட்ட வந்த தலைவர், பெண்கள் கழிப்பறை வாசலில் நிற்கக் கூசி, கத்தரிக்கோலை அத்தையின் கையில் திணித்துவிட்டுக் கூரையடியில் போய் நின்றுகொண்டார். தேர் பார்க்கப் போகிற மாதிரி பெண்கள் நல்ல சேலை உடுத்தி வந்திருந்தார்கள். அத்தை அம்மாவைத்தான் முதலில் உள்ளே அனுப்பினாள்.

அம்மா போய் வெகுநேரமாகியும் வரவில்லை. நான் கதவருகே போனேன். உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. எடுக்கிற சத்தம் கேட்டது. மறுபடியும் போடுகிற சத்தம். புதுக் கதவு சிக்கிக்கொண்டுவிட்டது, அம்மா மாட்டிக்கொண்டாள் என்று பயந்து, அலறிக்கொண்டு அத்தையிடம் ஓடினேன்.

வரிசையில் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை. அத்தை என்னை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

"வுடு பாப்பா. கதவு நல்லாத்தான் இருக்குது. உங்கம்மா வர்றப்ப வரட்டும்."

கதவு நன்றாக இருக்கிறதென்றால், ஒரு மனுஷி ஏன் வெளியே வராமல் உள்ளேயே நிற்கிறாள் என்று எனக்கு விளங்கவேயில்லை. ஒரே அறையும், பகலெல்லாம் திறந்தே கிடக்கும் ஒரே வாசற்கதவுமான வீட்டில்தான் நாங்கள் எல்லோரும் இருந்தோம்.