பூட்டுப் போட்ட போனும் ஒரு பொங்கலும்

அந்தப் போனைக் காதில் வைத்தால் குரலுக்கு முன் மணம்தான் வரும். பலபேருடைய மூச்சும் சிகரெட் புகையும் கறித்தூள் பட்ட கைகளும் ஊறிப்போன குளிர்ந்த பிளாஸ்டிக்கின் மணம் அது. ஸ்ட்ரெதமில் நாங்கள் குடியிருந்த வீட்டில், மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன முக்காலியில் அது இருக்கும். எண் சுழற்றுகிற வட்டில் வீட்டுக்காரர் சுண்டுவிரல் அளவு பூட்டு ஒன்று போட்டிருந்தார். வருகிற அழைப்பை எடுக்கலாம், இங்கிருந்து ஒருவரையும் கூப்பிட முடியாது. நாங்கள் அதைப் "பூட்டுப்போன்" என்று சொல்லுவோம்.

எண்பதுகளின் கடைசி. எனக்குப் பன்னிரண்டு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஊரில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்த தமிழ்தான் என்னிடம் உள்ள தமிழ், அதனால் எழுத்தில் குறை கண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். மேல்மாடியில் ஒரே அறையில் அப்பா, அம்மா, நான் மூவரும் இருந்தோம். யன்னல் பெயின்ற் பூசி இறுகிப் போய்த் திறக்க வராது. சுவாமிப் படங்களை வைக்க வேறு இடமில்லாததால் முருகனும் பிள்ளையாரும் அலுமாரிக்குள், அப்பாவின் வேலைச் சட்டைகளுக்குப் பக்கத்தில் இருந்தார்கள். விளக்கு வைக்கும்போது கதவைத் திறப்போம், தீபம் அணைந்ததும் மூடிவிடுவோம்.

எங்கள் பாஸ்போட்டுகளை அரசாங்கம் வாங்கி வைத்திருந்தது. அகதிக் கேஸ் முடியும்வரை இந்த நாட்டை விட்டு வெளியே போக முடியாது, போனால் திரும்பி வர முடியாது. அப்பா ஒரு பாண் பேக்கரியில் ஷிப்ட் வேலை செய்தார். வேலை இல்லாத நாட்களில் திறக்காத அந்த யன்னலடியில் நின்றுகொண்டு, "கூட்டுக்கை கிடக்கிற கோழிக்காவது காத்துப் படும்" என்பார். ஊரில் அவருடைய தகப்பனார் நோயாளியாக இருந்தார். அப்பா அவரை "ஐயா" என்றுதான் கூப்பிடுவார், எனக்கு அவர் அப்பப்பா. அப்பா மூத்த மகன். ஐயாவுக்கு ஏதும் நடந்தால் கொள்ளி வைக்க வேண்டியவர் அவர்தான்.

லண்டனில் எங்கள் முதல் பொங்கலைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். கீழே பொதுக் குசினியில் அடுப்புக்கு மேலே வீட்டுக்காரர் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார். அடுப்பில் எதையும் வழியவிட்டால் அடுத்த கிழமையே வீட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று அதில் இருந்தது. அம்மா பால் வைத்தார். பால் நுரைத்து எழும்பி விளிம்புக்கு வந்தது. அம்மா சட்டென்று நெருப்பைக் குறைத்தார், பால் உள்ளே அடங்கிப் போனது. மறுபடி எழும்பியது, மறுபடி குறைத்தார். அப்பா அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் வேலைக்குப் போய்விட்டார். "பொங்காத பொங்கலை என்னெண்டு தின்னுறது?" என்று அம்மாவும் பானையை மூடி வைத்தார்.

அடுத்த வருடம் அப்படி ஆகக்கூடாது என்று முன்நின்றவர், கீழ் அறையில் இருந்த மூன்று "பெடியளில்" ஒருவரான ராசன் அண்ணை. தனக்குத் தெரிந்த இருநூறு இங்கிலிஷ் சொல்லையும் செலவழித்து, பின்வளவில் ஒரே ஒரு காலைக்கு நெருப்பு மூட்ட வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கிவிட்டார். அதிலிருந்து ஒரு மாதம் அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை. தெருவில் யாரோ எறிந்த உடைந்த அலுமாரியை விறகாக்கினார்கள். தமிழ்க் கடையில் கரும்புக்குச் சொல்லி வைத்தார்கள். மூன்று பெடியளும் அன்றைக்கு லீவு எடுத்தார்கள். அம்மா எனக்குப் புதுச் சட்டை தைத்தார். நான் பள்ளிக்கூடத்தில் என் ஒரே சிநேகிதியான மெற்றில்டாவைக் கூப்பிட்டேன். அவள் மன்னார்ப் பிள்ளை, வேதக்காரர், பக்கத்துத் தெருவில் இருந்தாள். நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, என்னை அவர்களுடைய கோயிலுக்குக் கூட்டிப்போய்ப் பாலன் குடில் காட்டியிருந்தாள். அவளுக்குக் காட்ட எனக்கும் ஒன்று வேண்டியிருந்தது.

பொங்கல் சனிக்கிழமை வந்தது. முதல் நாள் வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. அம்மா மேலே பயறு வறுத்துக்கொண்டிருந்தார். அப்பா அடுப்புக்குக் கல் தேடப் போயிருந்தார்.

"ஹலோ, லண்டனே? ஆர் பிள்ளை கதைக்கிறது?"

கொழும்பில் ஒரு லொட்ஜிலிருந்து எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பேசினார். பெயர் சொன்னார், எனக்கு விளங்கவில்லை.

"அப்பா இல்லையே? சரி, வடிவாக் கேட்டு அப்பாட்டைச் சொல்லு. ஐயா நேற்று விடியக்காலமை மோசம் போயிட்டார். ஊர் நிலைமை சரியில்லை எண்டு நேற்றே எல்லாம் முடிச்சாச்சு. சித்தப்பாதான் கொள்ளி வைச்சவர். நான் இரவே வெளிக்கிட்டு இப்பத்தான் கொழும்புக்கு வந்து சேர்ந்தனான், விடிய ஜேர்மனிக்கு ஏறுறன். கேக்குதே பிள்ளை?"

"ஓம்" என்றேன். போன் வைத்துவிட்டார்கள்.

எங்கள் சைவக் குடும்பங்களில் ஒருவர் செத்துப்போனால் "துடக்கு". முப்பத்தொரு நாளுக்கு விளக்குக்கூட வைக்க மாட்டார்கள். அந்த வருடம் பொங்கல் இல்லை, தீபாவளி இல்லை. நான் வாயைத் திறந்து ஒரு வசனம் சொன்னால் விறகு, கரும்பு, மூன்று பேருடைய லீவு, என் புதுச் சட்டை எல்லாம் அந்த நிமிடமே முடிந்துபோகும். சொல்லத்தான் வேண்டும் என்று எழும்பினேன். அப்போது வாசல் கதவு திறந்தது. அப்பாவும் ராசன் அண்ணையும் பேப்பரில் சுற்றிய மூன்று செங்கற்களோடு உள்ளே வந்தார்கள்.

"வடிவாப் பாருங்கோ அண்ணை, லண்டன் மாநகரத்துக் கல்லு. மகாராணியின்ரை சொத்து. பிடிச்சால் ரெண்டு பேருக்கும் உள்ளுக்கை சாப்பாடு."

"உன்னோடை வந்தன் பார், என்ரை புத்தியைச் செருப்பாலை அடிக்கோணும்" என்று அப்பா சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். சத்தமாக, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இந்த நாட்டுக்கு வந்தபிறகு அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தரம்.

நான் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஒரு நாள்தானே என்று நினைத்தேன்.

விடிந்தும் இருட்டாகவே இருந்தது. லண்டனில் தை மாதத்தில் எட்டு மணிக்குத்தான் வெளிச்சம் வரும். ஈரச் சீமெந்தில் அம்மா அரிசி மாவால் கோலம் போட்டார், போடப் போட அது கரைந்தது. வானம் முழுக்க மேகம்.

"சூரிய பகவானைக் காணேல்லையே" என்றார் அம்மா.

"அவருக்கும் விசா குடுக்கேல்லைப் போலக் கிடக்கு அக்கா" என்றார் ராசன் அண்ணை. மெற்றில்டா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அப்பா வேட்டிக்கு மேல் குளிர்க்கோட்டுப் போட்டு, நெற்றி நிறையத் திருநீறோடு அடுப்பை மூட்டினார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். துடக்கு என்று தெரிந்தது அந்த வளவில் எனக்கு மட்டும்தான். தெரியாதவர்களுக்குக் குற்றமில்லை. தெரிந்துகொண்டு பானையைத் தொட்டால் அது யாருடைய பாவம் என்று எனக்குத் தெரியும். தொடாமல் இருந்துவிட்டால் தப்பலாம் என்று ஒரு கணக்குப் போட்டிருந்தேன்.

பால் பொங்கியது. இந்தமுறை நெருப்பைக் குறைக்க ஒருவரும் இல்லை. நுரை எழும்பி, நின்று, நாலு பக்கமும் வழிந்து செங்கல்லில் சீறியது. பெடியள் "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினார்கள். பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா மேல்யன்னலால் எட்டிப் பார்த்தார். அப்பாவின் முகத்தை நான் பார்த்தேன், பிறகு பார்க்க முடியவில்லை.

"பிள்ளை, இஞ்சை வா. நீதான் முதல் பிடி அரிசி போடோணும்."

"எனக்கு வயித்துக்குத்து அப்பா."

"அரிசி போட வயிறு என்னத்துக்கு? கை காணும், வா."

"போவன்டி, எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம்" என்று மெற்றில்டா என் முதுகில் தள்ளினாள். வளவைச் சுற்றி ஆளுயர மதில். வீட்டுக்குள் போகிற ஒரே கதவில் அம்மா அரிசிச் சுளகோடு நின்றார். நான் போட்டேன். மூன்று பிடி. போட்ட கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டதைக் குளிர் என்று நினைத்து, அப்பா தன் கோட்டைக் கழற்றி எனக்குப் போர்த்திவிட்டார்.

பின்னேரம், எல்லாரும் சாப்பிட்டு மெற்றில்டாவும் போனபிறகு, கீழே போய்ப் பூட்டுப்போனுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு மேலே வந்து சொன்னேன். "அப்பா, போன் வந்தது. ஐயா நேற்று விடியக்காலமை மோசம் போயிட்டாராம்." அந்த மனிதர் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் சொன்னேன். ஒரு நாள் பிந்திச் சொன்னதால் அந்த "நேற்று" இன்னொரு நாளாகிவிட்டது என்பது, சொல்லி முடித்தபிறகுதான் எனக்கு உறைத்தது.

அப்பா கட்டிலில் இருந்தார். பிறகு, "பொங்கி முடிஞ்சாப்பிறகு சேதி வந்தது ஐயான்ரை புண்ணியம். முதலே தெரிஞ்சிருந்தால் தெய்வக் குற்றமாப் போயிருக்கும்" என்றார். அம்மா அலுமாரிக் கதவைச் சாத்தினார்.

அதைவிடப் பெரிய அடி பிறகு வந்தது. துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் அப்பா ஒன்று சொல்லத் தொடங்கினார்: "வெள்ளி விடிய பேக்கரியிலை நிக்கேக்கை ஒரு காரணமும் இல்லாமல் நெஞ்சை அடைச்சது. கையிலை இருந்த தட்டு விழுந்திட்டுது. அந்த நேரந்தான் ஐயாவின்ரை சீவன் போயிருக்கு. கொள்ளி வைக்க மகன் வரேல்லையெண்டு, அவர் என்னைத் தேடி இஞ்சை வந்திட்டுப் போயிருக்கிறார்." கேட்டவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். அப்பப்பா இறந்தது வெள்ளி அல்ல, வியாழன். எட்டாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் அடைபட்டுக் கிடந்த ஒரு மகனுக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் என் பொய்யின்மேல் நின்றது. அதை இழுத்து எடுக்க எனக்குத் துணிவு வரவில்லை. தமிழ்க் கடைக் கலண்டரில் செத்தவருக்கு மாதந்தோறும் செய்கிற மாசியத்துக்கு அப்பா திதி பார்த்துச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, அந்த நாளில் ஒரு பொழுது விரதம் இருந்தார். தை, மாசி, பங்குனி, எல்லாம் ஒரு திதி தள்ளி. அவர் பட்டினி கிடந்த அந்த நாட்களில் எனக்கும் சோறு இறங்காது.

சித்திரை மாதம் சித்தப்பாவின் கடிதம் மூன்று நாட்டு முத்திரையோடு வந்து சேர்ந்தது. அப்பா வாசலில் நின்றபடியே வாசித்தார். வாசித்துவிட்டு முக்காலியில் இருந்த போனைப் பார்த்தார். படியில் இருந்த என்னைப் பார்த்தார். நான் எழும்பவில்லை, ஓட எங்கேயும் இடமில்லை. அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் என்னைக் கடந்து மேலே போனார்.

அடுத்த நாள் கலண்டரைப் பார்த்தேன். சித்திரையிலிருந்து மிச்சமிருந்த எல்லா வட்டத்தையும் வெட்டிவிட்டு, ஒரு கட்டம் முன்னால் புதிதாகப் போட்டிருந்தார். தட்டு விழுந்த கதையை அதன்பிறகு அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை.

என்னிடமும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் துடக்கெல்லாம் கழிந்து, வருடம் திரும்பச் செய்கிற ஆட்டைத் திவசமும் சரியான திதியில் முடிந்து, நாங்கள் மறுபடி பொங்கினபோது, நெருப்பை மூட்டுமுன் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு மெல்லக் கேட்டார்: "பிள்ளை, போன் ஒண்டும் வரேல்லைத்தானே?"

"இல்லை அப்பா."

"அப்ப வந்து அரிசியைப் போடு."

அதன்பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்டார். நான் கலியாணம் கட்டி வடக்கு லண்டனில் எட்மண்டனுக்கு வந்தபிறகும் பொங்கலன்று விடிய வந்து, என் பிள்ளைகளுக்கு முன்னால் கேட்டார். அது தாத்தாவின் பகிடி என்று பிள்ளைகள் நினைத்தார்கள். ஒவ்வொரு முறையும் அவர் எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்தார் என்றுதான் நான் நினைக்கிறேன். "அண்டைக்கு வந்தது அப்பா" என்று ஒரு முறை நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அந்த ஸ்ட்ரெதம் வீட்டை உடைத்துப் பிளட்டுகள் கட்டிவிட்டார்கள், வளவு இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. ராசன் அண்ணை கனடாவில். மெற்றில்டா நத்தாருக்குக் கேக் கொண்டு வருகிறாள், நான் பொங்கல் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ஊரில் ஒரு சீவன் போனால், உடல் ஆறுமுன் எங்கள் எல்லோருடைய கையிலும் சேதி வந்துவிடுகிறது, ஒரு பிள்ளையை நம்பி அது காத்திருப்பதில்லை. அப்பா போய் நாலு வருடம். அவருடைய திதியை நான் மூன்று கலண்டரில் சரிபார்த்துத்தான் குறிக்கிறேன்.

இந்த வருடமும் காஸ் அடுப்பில்தான் பொங்கினேன். பால் எழும்பி வழிந்தது, நான் துடைக்கவில்லை. அரிசியைக் கையில் அள்ளிக்கொண்டு சற்று நேரம் நின்றேன். "என்னம்மா, போடுங்கோவன்" என்றாள் மகள். அவளுக்குத் தெரியாது. கேட்க வேண்டியவர் இல்லாதபோது எந்த நேரம் போடுவது என்று எனக்குப் பிடிபடவில்லை.