சானிடரி இன்ஸ்பெக்டர் அப்பாதுரை எம்.எல்.ஏ.

ஒக்கலிபுரம் அப்பாதுரை சாம்பாரைப் பரிசோதிக்கத்தான் போனார். தேர்தல் வேட்பாளராகத் திரும்பி வந்தார். நம்பினால் நம்புங்கள். ஐம்பத்தேழாம் வருஷத் தேர்தலுக்கு முன்னால், சீட்டு யாருக்கு என்று கட்சிக்காரர்கள் மூன்று நாளாக ஒரு சத்திரத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சானிடரி இன்ஸ்பெக்டரான அப்பாதுரை சமையற்கட்டுக்குள் நுழைந்து, அண்டாவை மோந்து பார்த்து, இதைச் சாப்பிடாதீர்கள் என்றார். இரண்டு கோஷ்டியும் ஒத்துக்கொண்ட முதல் பேச்சு அதுதான். இவரையே நிறுத்திவிடுவது என்று முடிவாயிற்று. ராஜினாமா எழுதச் சொன்னார்கள், எழுதினார்.

ஜெயித்தும்விட்டார். அதன் பிறகு அவருக்கு எதுவுமே பிடிபடவில்லை. சட்டசபை கூடும் விதான சௌதாவில் எந்த வாசல் வழியாகப் போனாலும் வேறெங்கோ வந்து நின்றார். ஓட்டெடுப்பில் பக்கத்து மெம்பர் கை தூக்கினால் இவரும் தூக்குவார். ஒரு தடவை அந்த மனிதர் சோம்பல் முறித்ததற்கும் தூக்கினார்.

மறு வருஷம் பாஞ்சாலி அவரைத் தேடி வந்தாள். ரயில்பாதை ஓரத்துக் குடிசைக்காரி. புருஷன் ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிறவன். சுகாதார ஆபீஸ் நோட்டீஸ் அவள் கையில் இருந்தது. மாதக் கடைசிக்குள் நாற்பது குடிசையும் காலி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் இடிப்பார்கள். நாற்பது வீட்டு ஓட்டும் உங்களுக்குத்தான் விழுந்தது என்று சொல்லிவிட்டு அசையாமல் நின்றாள். அப்பாதுரை வாக்குக் கொடுத்தார்.

சட்டசபையில் கேள்வியும் போட்டார். மந்திரி எழுந்து, பழைய அறிக்கை ஒன்றை வாசித்தார்: தாழ்வான நிலம், சாக்கடை வழிந்து அடுப்பு வரை வருகிறது, மனிதர் குடியிருக்கத் தகாது, அகற்றுக. அப்பாதுரைக்கு அந்த நடை எங்கோ படித்தது போலிருந்தது. நல்ல நடையாகவும் பட்டது. ஆனாலும், ஏழைகள் அடுப்பில் மண்ணைப் போடும் இந்த அறிக்கையை எழுதிய கல்நெஞ்சன் யார் என்று கேட்டார்.

மந்திரி காகிதத்தின் அடியை நிதானமாகப் பார்த்தார். "ஐம்பத்து மூன்றாம் வருஷம் எழுதியது. கையெழுத்து, மாண்புமிகு உறுப்பினருடையது."

சபை சிரித்த சிரிப்பில் கூரைப் புறாக்கள் எதிரே இருந்த கப்பன் பார்க்குக்கே பறந்துவிட்டன.

அப்பாதுரை வீட்டுக்குப் போகவில்லை. அன்று எழுதியது பொய்யில்லை. அடுப்பு வரை சாக்கடை வந்ததைக் கண்ணால் பார்த்தவர். இன்று கேட்டதும் பொய்யில்லை. அப்படியானால் தான் எந்தப் பக்கம்? நேரே ரயில்பாதைக்குப் போய் அளவு நாடாவை எடுத்தார். நாடாவைக் கண்டதும் பெண்கள் சட்டி பானையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். பாஞ்சாலி மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள்.

"இப்ப எந்த அய்யா வந்திருக்கீங்க? ஓட்டு கேட்ட அய்யாவா, இடிக்கச் சொன்ன அய்யாவா?"

"அதாம்மா எனக்கும் பேஜாரா இருக்கு."

"இதுல என்னா பேஜாரு? நாறுறது சாக்கட. அத மூடாம, எங்கள எதுக்கு மூட்ட கட்டச் சொல்றீங்க?"

இத்தனை வருஷ சர்வீஸில் அவருக்குத் தோன்றாத யோசனை. கவிழ்த்துப் போட்ட கூடைமேல் உட்கார்ந்து எழுதினார்: சாக்கடையைக் கல்பலகை போட்டு மூடுக, குடிசைகள் இருக்கலாம். கையெழுத்துப் போட்டு, சுகாதார ஆபீஸில் கொடுத்துவிட்டுப் பாதி வழி வந்த பிறகுதான், கையெழுத்துக்குக் கீழே கை தன் போக்கில் 'சானிடரி இன்ஸ்பெக்டர்' என்று எழுதியது நினைவுக்கு வந்தது. இன்னொரு சிரிப்புக்குத் தயாரானார்.

யாரும் சிரிக்கவில்லை. எம்.எல்.ஏ. கடிதம் என்றால் கட்டோடு கட்டாகக் கிடந்திருக்கும். இன்ஸ்பெக்டர் அறிக்கையல்லவா? ஒரே வாரத்தில் கல்பலகைகள் வந்து இறங்கின. நோட்டீஸ் ரத்தாயிற்று.

கூடவே அப்பாதுரைக்கு ஒரு மெமோவும் வந்தது. ராஜினாமாக் கடிதம் யார் மேஜையடியில் கிடந்ததோ, ஒன்றரை வருஷமாக வேலைக்கு வராத காரணத்தை இன்ஸ்பெக்டர் உடனே தெரிவிக்க வேண்டுமாம்.

நான் இன்ஸ்பெக்டர் இல்லை என்று எழுதினால் அறிக்கை செல்லாது; குடிசைகள் போய்விடும். எம்.எல்.ஏ.வாகிவிட்டேன் என்று எழுதினாலும் அதே கதிதான். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

"வயித்துவலின்னு எழுதுங்க" என்றாள் சரசு.

"ஒன்றர வருஷமாவா?"

"சட்டசபைக்குப் போயிட்டு வந்து தெனமும் அப்படித்தான படுக்கிறீங்க."

அப்பாதுரை வயிற்றுவலி என்றே எழுதினார். அடுத்த கூட்டத்தொடர் முடியும்வரை லீவும் கேட்டுக்கொண்டார்.