பாறைக்குள் நின்ற பெல்கி

காகித ஆலையை மூடியபோது லோர்னா கூபியாக் அங்கே தொழிலாளர் பிரதிநிதி. வாசலில் மறியல் செய்தாள், தோற்றாள். அமெரிக்காவின் விஸ்கான்சினில் அப்படித் தோற்றவர்கள் ஏராளம், அதில் பெருமை பேச ஒன்றுமில்லை. அவளால் காப்பாற்ற முடிந்தது சாப்பாட்டு மேஜை ஒன்றைத்தான்.

இடைவேளைகளில் அந்த மேஜையில் பகடை உருட்டுவார்கள். ஒருத்தர் கதையை நடத்த, மற்றவர்கள் வாள்வீரனாகவும் மந்திரக்காரியாகவும் அதற்குள் நுழைவார்கள். வேலை தேடி ஆட்கள் திசைக்கொருவராய்ச் சிதறிய பிறகு, லோர்னா அந்த மேஜையைக் கணினித் திரைக்குக் கொண்டுவந்தாள். ஞாயிறு மதியம், மாதாகோயில் பூசை முடிந்த கையோடு ஆட்டம்.

மேஜைக்காரர்களில் ஒருவனான ஹார்லன் ஒரு வாரம் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. யாரும் கேட்கவில்லை. பிறகு அவன் சவப்பெட்டியைச் சுற்றித்தான் எல்லோரும் கூடினார்கள். தன் கையாலேயே உயிரை முடித்துக்கொண்டான்.

இப்போது அதே மேஜையில் விளையாடும் பெல்கியின் முறையோ என்று லோர்னா பயந்தாள். அவன் தூரத்து நெப்ராஸ்கா மாநிலத்தில் மாட்டிறைச்சி வெட்டுகிற வேலையில் இருந்தான், நெடுஞ்சாலை ஓர மோட்டல் அறையில் தனி வாசம். போன ஞாயிறு, "திரையில ஒண்ணும் தெரியல. நான் இருந்தா என்ன, போனா என்ன" என்று சொல்லிவிட்டுப் பாதியில் போனவன், அதற்கப்புறம் போனையே எடுக்கவில்லை.

சீஸ் கிடங்கில் வேலை முடிந்து வந்ததும் லோர்னா அந்த வாரம் முழுக்க ஆட்டத்துக்கான வரைபடத்தோடு மல்லுக்கட்டினாள். கைவிடப்பட்ட சுரங்கம் ஒன்றின் படம். படத்தில் பாறை இருந்தால் மட்டும் போதாது, அதன் மேல் கோடு இழுக்கவேண்டும். கோட்டைத் தாண்டிப் பார்வையும் வெளிச்சமும் போகாது. ஆட்டக்காரரின் காய் பார்ப்பது மட்டும்தான் அவர் திரையில் தெரியும் என்பதால் ஒவ்வொரு காய்க்கும் கண் கொடுக்கவேண்டும், விளக்கு எவ்வளவு தூரம் எட்டும் என்று சொல்லவேண்டும். பாறையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைவு வளைவாகக் கோடு இழுத்தாள். ஒரே ஒரு விளக்குதான் வைத்தாள். அதையும் பெல்கியின் காய்க்குக் கொடுத்தாள். ஆளுக்கொரு வேலையை ஒப்படைத்தால் அவன் கூட்டத்தை விட்டு ஓடமாட்டான். சங்கத்தில் கற்ற பழைய வித்தை.

ஞாயிறன்று பெல்கி வந்தான். ட்ரூடியும் வந்தாள். ஆலையில் காகிதச் சுருள் ஏற்றுகிற வண்டி ஓட்டியவள், வாய் ஓயாதவள்.

"பெல்கி, விளக்கு உன் கையில. முன்னால நட," என்றாள் லோர்னா.

"எங்க நடக்கறது? கருப்பா இருக்கு."

"எனக்கும் இருட்டுதான்," என்றாள் ட்ரூடி. "என் வீட்டுக்காரன் மூஞ்சியப் பாக்கறதுக்கு இது தேவல."

லோர்னாவின் திரையில் எல்லாமே பளிச்சென்று தெரிந்தது. கதை நடத்துகிறவருக்கு எப்போதும் அப்படித்தான். அவர்கள் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டு ஆரம்பித்திருக்கவேண்டும். செய்யவில்லை. கண் கொடுத்திருக்கிறதா? கொடுத்திருக்கிறது. விளக்கு எரிகிறதா? எரிகிறது. தூரமும் சரி.

"ஒரு நிமிஷம் பெல்கி. இதோ ஆச்சு."

"விடு தலைவி. எனக்கு இருட்டு ஒண்ணும் புதுசில்ல. நான் கெளம்பறேன்."

"போகாதே! உக்காரு!"

அவள் யோசிக்கவில்லை. எல்லாக் கோடுகளையும் மொத்தமாகப் பிடித்து அழித்தாள், முழு வெளிச்சத்தைப் போட்டாள். பதுங்கியிருந்த பூதங்கள், புதையல், கடைசி அறையில் காத்திருந்த எதிரி என்று இரண்டு வருடம் கட்டிக்காத்த ரகசியம் அத்தனையும் எல்லார் திரையிலும் அம்மணமாகக் கிடந்தது.

"அடிப்பாவி!" ட்ரூடி கத்தினாள். "நம்ம ராஜாவா துரோகி? இவனுக்காகவா நான் போன ஆட்டத்துல ஒரு கைய இழந்தேன்?"

பெல்கி சிரித்தான். வறண்ட சிரிப்பு. "என் காய் எங்க நிக்குது பாரு. நடுப் பாறைக்குள்ள. உயிரோட சமாதி கட்டிட்டியே தலைவி."

உண்மைதான். பாறையின் இரண்டு பக்கக் கோடுகளுக்கும் நடுவில் அவனை இறக்கியிருந்தாள். அங்கிருந்து விளக்கு யாருக்கு எட்டும்? லோர்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஆட்டம் கெடக்கட்டும். ஒண்ணு கேக்கறேன், நேரா பதில் சொல்லு. அடுத்த ஞாயிறு இருப்பியா?"

"ஷிப்ட் பாத்துத்தான்…"

"ஷிப்டக் கேக்கல. உயிரோட இருப்பியான்னு கேக்கறேன். ஹார்லன்கிட்ட நான் கேக்கல. உன்கிட்ட கேக்கறேன்."



"தெரியல, லோர்னா," என்றான் பெல்கி. குரல் உடைந்திருந்தது. "சத்தியமா தெரியல."

லோர்னா எழுந்து மேலங்கியை மாட்டினாள். நெப்ராஸ்காவுக்குப் போய்ச்சேர நடுராத்திரி ஆகிவிடும். கிடங்கு வேலை போனால் போகட்டும்.

"மோட்டல் பேரச் சொல்லு. ட்ரூடி, அங்க அவசர உதவிக்கு ஆள் அனுப்பச் சொல்லி உன் வீட்டுக்காரர உடனே போன் பண்ணச் சொல்லு. நான் போய்ச் சேர்ற வரைக்கும் நீ இவன்கூடப் பேசிட்டே இரு. என்ன ஆனாலும் இவன விட்டுடாத."

"நான் பேச ஆரம்பிச்சா எவனால நிறுத்தமுடியும்?" என்றாள் ட்ரூடி. அவளும் அழுதுகொண்டிருந்தாள். "ஏ பெல்கி, கேக்குதா? மோட்டல் பேரச் சொல்லித் தொலைடா."

கார்ச் சாவியைக் கையில் பிடித்தபடி லோர்னா திரைமுன் குனிந்து நின்றாள். பெல்கி இன்னும் சொல்லவில்லை. போய்விடவும் இல்லை.